மஞ்சள் இருபது கம்மி

முகத்துக்குச் சட்டம் போட முடியுமா என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. போட்டார்கள். நம் திருவண்ணாமலையில்தான் போட்டார்கள். அதற்கு முதல் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் அன்புச்செல்வி. அவள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். அவள் வயிற்றெரிச்சலே அதுதான்.

அன்புச்செல்விக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். காலையில் எட்டேகால் பஸ் பிடித்து வருவாள். தேரடித் தெருவுக்குப் பின்னால், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த பட அட்டை வாரியத்தின் மாவட்ட மையத்தில் அவள் ஆபரேட்டர். ஏழு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு மார்ச் மாதக் கடைசியிலும் அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் அந்த ஒரு நாளில் அவள் யாரும் கூப்பிடாமலே வந்து மெஷின்களைத் துடைத்துவிட்டுப் போவாள். நிரந்தர ஆணை என்ற காகிதம் ஒன்று கைக்கு வரவேண்டும். அவளுக்கு இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான். அதற்காக மூன்று கார்த்திகை, செருப்பில்லாமல் மலையைச் சுற்றியிருக்கிறாள்.

கிரிவலப் பாதையில் பூ, மோர், கற்பூரம் விற்கிறவர்களுக்குப் படம் போட்ட அட்டை கொடுப்பது மையத்தின் வேலை. அட்டை இல்லாதவர்கள் தீபத்தன்று கூடையை இறக்கி வைக்க முடியாது. நம் ஊரில் படம் எடுக்க எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆண்கள் குளித்து, நெற்றியை அடைத்து விபூதி பூசி வருவார்கள். பெண்கள் மஞ்சள் தேய்த்துக் குளித்து, பெரிதாகக் குங்குமம் வைத்து வருவார்கள். மெஷினுக்கு இதெல்லாம் ஆகாது. நெற்றியில் இருக்கும் விபூதியைப் பார்த்து, உலகத்திலேயே வெளுப்பு இதுதான் என்று முடிவுகட்டி, மிச்ச முகத்தை இருட்டில் தள்ளிவிடும். மஞ்சள் பூசிய முகத்தைக் காமாலை என்று நினைத்துக்கொண்டு தானாகவே வெளுக்கப் பார்க்கும்.

அன்புச்செல்வி அதற்கு விடமாட்டாள். ஆளை எதிரில் உட்காரவைத்து, திரையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பிரகாசத்தை ஒரு புள்ளி ஏற்றி, சிவப்பை ஒரு புள்ளி இறக்கி, முகம் அவரவர் முகமாக வந்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவாள். ஒரு தடவை பார்த்த முகம் அவளுக்கு மறக்காது. எதற்கு எவ்வளவு என்று எண்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதியும் வைத்திருந்தாள்.

‘விபூதிப் பட்டை அகலமாக இருந்தால் பிரகாசம் 8 ஏத்து. ஒத்தை விரல் என்றால் 3 போதும். வெயிலில் நடந்து வந்தவர்கள்: எதையும் ஏத்தாதே, 10 நிமிஷம் பெஞ்சில் உட்காரவை, தண்ணி குடு, அப்புறம் எடு. மஞ்சள் பூசினவர்கள்: மஞ்சளைத் தொடாதே, தொட்டால் தாலி அறுத்தவங்க மாதிரி வரும். 70 வயசுக்கு மேல்: சுருக்கத்தை மறைக்காதே, அது அவங்க சம்பாத்தியம்.’

இப்படி நோட்டு முழுக்க.

இரண்டாயிரத்து இரண்டில் வாரியம் ஆறு ஊர்க் கிளைகளையும் கம்பி போட்டு இணைத்தது. இங்கே எடுக்கிற படம் அங்கே அச்சாகும், அங்கே எடுக்கிறது இங்கே அச்சாகும். நல்ல விஷயம்தான். ஆனால் ஆறு மெஷினும் ஆறு கம்பெனி. செங்கத்து மெஷினில் பிரகாசம் பூஜ்யத்திலிருந்து நூறு வரை. போளூரில் கழித்தல் ஐந்திலிருந்து கூட்டல் ஐந்து வரை. ஆரணியில் எண்ணே கிடையாது. ஒரு பக்கம் சூரியன் படம், மறு பக்கம் பிறைச் சந்திரன் படம், நடுவில் ஒரு திருகு. இவள் எட்டு என்று அனுப்பினால், நூற்றுக்கு எட்டுதானா என்று செங்கத்து மெஷின் முகத்தைக் கரியாக்கும். எட்டா என்று போளூர் மெஷின் மிரண்டுபோய், முகமே இல்லாமல் குங்குமத்தை மட்டும் அச்சடித்து வெளியே தள்ளும். அன்புச்செல்வி போனும் கையுமாக நிற்பாள்.

“ஆரணியா? அண்ணே, சூரியன் பக்கமா ரெண்டு கோடு திருப்புங்க. ஜாஸ்தி வேணாம். தோ, அங்கதான். கையை எடுத்துடுங்க.”

இந்தப் பாடு பொறுக்காமல்தான் ஒரு நாள் ஒற்றை வரியில் விண்ணப்பம் எழுதினாள். ‘ஐயா, படத்தின் பிரகாசத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் அளவு எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி இருந்தால் உதவியாக இருக்கும்.’

அதைக் கண்காணிப்பாளர் அப்பாசாமியிடம் கொடுத்தாள். அவளுடைய டிபன் பாக்ஸில் இருக்கும் புளிச்சோறு ஏழு வருடமாகப் பாதி அவருக்குத்தான் போகும். வாய் நிறைய சார் என்று கூப்பிட்டாலும் மனசுக்குள் அவர் அவளுக்கு அண்ணன்.

அப்பாசாமி படித்துவிட்டுச் சிரித்தார். “அம்மாடி, சின்னதா கேட்டா எவனும் குடுக்க மாட்டான். பெருசா கேக்கணும். உடு, நான் எழுதிக்கறேன்.”

ஒரு வரி பதினான்கு பக்கமாயிற்று. மேலே போய் மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை, ‘ஒரே மாதிரி என்பது எதைப் போல’ என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவது தடவை, நிறம் என்பது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை ஒன்றும் கேட்கவில்லை, வந்த தேதியை மட்டும் போட்டுத் திருப்பியிருந்தார்கள். நான்காவது தடவை ஓர் ஆணையமே இரண்டு வேனில் வந்து இறங்கியது.

வண்ணச் சீர்மை ஆணையம் என்று பெயர். தலைவர் ராஜேந்திரன், உறுப்பினர் ஏழு பேர். மண்டபத்து வாசலில் வரவேற்புப் பதாகை கட்டியிருந்தது. அதில் எட்டுப் பேர் முகமும் அரைத்த கொத்தமல்லி நிறத்தில் இருந்தன. எட்டுப் பேரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் வித்தியாசம் காணவில்லை.

ராஜேந்திரன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். “இதுநாள்வரை இந்த மாவட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் நிறத்தில் இருந்து வந்திருக்கிறார்கள். கேட்பாரில்லை. ஆறு மெஷின் ஆறு விதமாக இருப்பது பெரிய குற்றமல்ல. ஆறு லட்சம் முகம் ஆறு லட்சம் விதமாக இருப்பதுதான் நிர்வாகச் சிக்கல். நிறம் என்பது பொதுமக்களிடம் விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல என்பதை இந்த ஆணையம் பணிவோடு கருதுகிறது.”

அன்புச்செல்வி பின் வரிசையில் உட்கார்ந்து, நல்ல வார்த்தை ஏதோ சொல்கிறார் என்று கைதட்டினாள். தன் ஒற்றை வரிக்கு இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் நான்கு கூட்டமும் திருகுக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. ஒருவர் பிரகாசம் என்றார், ஒருவர் ஒளிர்வு என்றார். இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில், ஒரே மெஷினில் இரண்டு பெயரிலும் இரண்டு திருகு வைப்பது, ஒன்று ஏறினால் மற்றது இறங்குவது என்று சமரசம் ஆயிற்று.

ஐந்தாவது கூட்டத்தில் ஓர் உறுப்பினர், அளவு வைக்க வேண்டுமென்றால் முதலில் சரியான முகம் ஒன்று வேண்டுமே என்றார். அந்த முகத்துக்கு மெஷினைச் சரிசெய்துவிட்டால் மற்ற முகமெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் வாதம். பொதுமுகம் என்று பெயர் வைத்து, அதைத் தேடி வேனில் மலையைச் சுற்றினார்கள். அன்புச்செல்வி கேமராவோடு முன் சீட்டில்.

சாமியார்களைப் பார்த்தார்கள். சாம்பல் ஜாஸ்தி என்று தள்ளினார்கள். ரமணாசிரமத்துப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைப் பார்த்தார்கள். வெயிலில் சிவந்திருக்கிறார், சிவப்பு நிலையாக இல்லை என்று தள்ளினார்கள். நிருதி லிங்கத்துக்கிட்டே மோர் விற்றுக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் எதிரில் வேன் நின்றது.

“ஏம்மா, முகத்தைக் கழுவிட்டு வாங்க,” என்றார் ஓர் உறுப்பினர்.

“கழுவிட்டுத்தான் குந்திருக்கறேன். இது கழுவின மூஞ்சிதான்.”

“மஞ்சள் ஜாஸ்தியா இருக்குதே.”

“எம் புருஷன் உசுரோட கீறான் சாமி, அதான். தோ பாரு, டீக்கடையில உக்காந்துனு கீறான். வேணும்னா அவனைக் கேட்டுக்கோ.”

உறுப்பினர் குறிப்பேட்டில் எழுதினார்: ‘கணவர் காரணமாக நிறம் பாதிக்கப்பட்ட முகம். தகுதியில்லை.’

பதினான்கு கிலோமீட்டர் சுற்றியும் திருவண்ணாமலையில் ஒரு சரியான முகம் கிடைக்கவில்லை. ஏ.சி. அறைக்குத் திரும்பி வந்து, களைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், சரியான முகம் தலைவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ராஜேந்திரன் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை தலையை வாரிக்கொண்டு வந்தார். குழல் விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் கொஞ்சம் மஞ்சளாக வந்தது. பதவிக்குரிய நிறம் வரும்வரை மஞ்சளைக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

“இருபது கம்மி பண்ணியாச்சு சார்.”

“நிறுத்துங்க. அதுதான் நான்,” என்றார் ராஜேந்திரன்.

மஞ்சள் இருபது கம்மி. அது தீர்மானம் ஆயிற்று. அந்த இருபதில் என்னென்ன போகும் என்று அன்புச்செல்விக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். அப்பாசாமி, உட்காரும்மா என்று கையைக் காட்டினார்.

மறுநாள் மத்தியானம் புளிச்சோறு சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அவரே பேச்சை எடுத்தார்.

“அம்மாடி, உங்கிட்ட ஒரு நோட்டு இருக்குதில்ல, அதைக் குடு. இவங்களுக்கு ஒரு மண்ணும் தெரியல. உன் நோட்டை வெச்சு நெறிநூல்னு ஒண்ணு போட்டுடலாம். மஞ்சள் கதையையும் அதுல நான் சரி பண்ணிக்கறேன்.”

“எம் பேரு வருமா சார்?”

“பேரு இன்னா பேரு. முதல் பக்கத்துல நீயே வருவ. ஒரு படம் எடுத்துக் குடு. நிரந்தர ஆணையை மேடையிலயே கையில வாங்கப்போற. நான் இருக்கறேன் இல்ல.”

அன்றைக்கு பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள் என்று கண்டக்டர் சொன்னார். மறுநாள் விடிவதற்கு முன்பே கொம்பு மஞ்சளை இழைத்துத் தேய்த்துக் குளித்தாள். வாடாமல்லி நிறப் புடவை கட்டி, குங்குமம் வைத்து, ஊர்ப் பெண்கள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கண்ணாடியில் இரண்டு தடவை சிரித்துப் பார்த்தாள். ஏழு வருடமாக ஊரார் முகத்துக்கெல்லாம் அளவு பார்த்தவள் அன்றைக்குத்தான் தன் முகத்துக்குப் பார்த்தாள். எதையும் ஏற்றவில்லை, எதையும் இறக்கவில்லை. படத்தையும் நோட்டையும் சேர்த்து அப்பாசாமியின் கையில் கொடுத்தாள்.

ஆணையம் நோட்டைப் பிரித்தது. எழுத்தெல்லாம் ‘இலக்கமற்ற பகுதி’ என்று நீக்கப்பட்டது. மிஞ்சிய எண்களைக் கூட்டி வகுத்தார்கள். பட்டை விபூதியின் எட்டு, ஒத்தை விரலின் மூன்று, பெஞ்சில் உட்காரவைக்கும் பத்து நிமிஷத்தின் பத்து, சுருக்கத்தை மறைக்காதே என்ற எழுபது வயதின் எழுபது. எல்லாம் சேர்ந்து பிரகாசம் இருபத்திரண்டே முக்கால் என்று வந்தது. முக்காலை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அறிவியலில் கை வைக்கக் கூடாது என்று ராஜேந்திரன் தடுத்துவிட்டார்.

இனி எல்லாப் படமும் சென்னைக்குப் போய், பிரகாசம் இருபத்திரண்டே முக்கால், மஞ்சள் இருபது கம்மி என்று அளவு போடப்பட்டு, கம்பி வழியே திரும்பி வரும். மெஷின்கள் அப்படியே அச்சடித்தால் போதும். திருகுகளை யாரும் தொட்டுவிடாதபடி அரக்கு ஊற்றி முத்திரை குத்தினார்கள். ஆரணியில் சூரியன்மேல் அரக்கு விழுந்து, பிறைச் சந்திரன் மட்டும் மிஞ்சியது. ஆறு மெஷினும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

கார்த்திகைக்கு இருபது நாள் இருக்கும்போது முதல் கட்டு அட்டைகள் அச்சாகி வந்தன. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் அட்டை. அன்புச்செல்வி ஒன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், பிறகு எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிவைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே முகம். நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், மூக்கும் தெரியாமல், குங்குமம் இருந்த இடத்தில் பழைய துரு மாதிரி ஒரு புள்ளியோடு.

வெள்ளையம்மாள் தன் அட்டையை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“பாப்பா, இது யாரு?”

“நீங்கதான்க்கா.”

“நானா? நான் எப்ப செத்தேன்? மஞ்சளையும் தொடைச்சுட்டு, பொட்டையும் அழிச்சுட்டு… எம் புருஷன் இதைப் பார்த்தான்னா, நான் உசுரோட இருக்கசொல்லவே ஏண்டி இப்பிடி நின்னேன்னு கேக்க மாட்டானா? போன தபா நீ எடுத்த படத்தைப் பூஜை மாடத்துல வெச்சிருக்கறேன். இதை எங்க வெப்பேன் சொல்லு.”

அன்புச்செல்வி மெஷின் பக்கம் திரும்பினாள். கை தானாகத் திருகுக்குப் போயிற்று. விரலில் அரக்குதான் தட்டுப்பட்டது. அட்டையைக் கொண்டுபோய் அப்பாசாமி மேஜையில் வைத்தாள்.

“சார், நீங்க சரி பண்றேன்னு சொன்னீங்களே.”

அப்பாசாமி அட்டையைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தார். “விழா முடியட்டும்மா. இப்ப போய் நீ குறை சொன்னீன்னா உன் ஆணை நின்னுடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு ஏப்ரல் பார்த்தவள் அவள்.

தீபத்துக்குப் பத்து நாளைக்கு முன்பிருந்தே கிரிவலப் பாதையில் வாரியத்தின் சோதனைக் கூடாரம் போட்டார்கள். வியாபாரியின் முகத்தையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடவேண்டும். முதல் நாள் காலையில் நானூறு பேர் வந்தார்கள். நானூறு பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பூ வாடியது, மோர் புளித்தது. அன்று மாலையே ராஜேந்திரன் கையெழுத்தில் சுற்றறிக்கை வந்தது.

‘அட்டைக்கும் முகத்துக்கும் வேறுபாடு காணப்படுவதாகத் தகவல் வருகிறது. அட்டை பரிசோதிக்கப்பட்டது. அதில் குறையில்லை. எனவே அட்டைதாரர்கள் தங்கள் முகத்தை அட்டைக்கு இணங்க வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களையே சாரும்.’

வெள்ளையம்மாளும் பத்துப் பெண்களும் கூடையோடு மையத்து மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கார்த்திகை வியாபாரம் போனால் அவர்களுக்கு அந்த வருடமே போனது. அன்புச்செல்வி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். நிறம் பார்த்தே பழகிய கண் அல்லவா. மேஜை டிராயரில் இருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் ஒரு சொட்டு விட்டுக் குழைத்து, வெள்ளையம்மாளின் கன்னத்தில் ஒரு தீற்று தீற்றி, அட்டையைப் பக்கத்தில் பிடித்தாள். அச்சு அசல்.

“இந்தாங்கக்கா. முகம் பூரா பூசிக்கிட்டுப் போங்க. உள்ள போனதும் கழுவிடுங்க.”

“இன்னா கூத்து பாப்பா இது. நல்ல நாளும் அதுவுமா பொணம் மாதிரி பூசினு போவச்சொல்ற.”

“வியாபாரம் பண்ணணும் இல்லக்கா.”

ராத்திரியோடு ராத்திரியாகச் சேதி பரவி, மறுநாள் காலையில் கிரிவலப் பாதையில் ஆயிரத்து நூறு பேர் ஒரே முகமாக வரிசையில் நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் இதென்னவோ புதுப் பிரார்த்தனை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கூடாரத்தில் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. அன்றிரவே ஆணையம் அறிக்கை எழுதியது: ‘நூற்றுக்கு நூறு பொருத்தம். நெறிநூலின் அளவுகள் சரியானவை என்பது களத்தில் நிரூபணமாகிவிட்டது.’

பாவம் பார்த்துக் குழைத்துக் கொடுத்தாள். அதுவே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

தை பிறந்ததும் நெறிநூல் வெளியீட்டு விழா. கீழே இருந்த அதே கல்யாண மண்டபத்தில். அன்புச்செல்வி மஞ்சள் பூசி, வாடாமல்லிப் புடவை கட்டி வந்தாள். வாசலில் காவலாளி இருசப்பன். ஏழு வருடமாகக் காலையில் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர். அவளுடைய புது ஊழியர் அட்டையை வாங்கிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“இது நீ இல்லியேம்மா.”

“இருசப்பண்ணா, நான் அன்பு.”

“எனக்குத் தெரியாதா? நேத்துகூட எனக்கு வெத்தலை வாங்கியாந்து குடுத்த. ஆனா அட்டைக்குத் தெரிய மாட்டேங்குதே. உள்ள எட்டு ஆபீசருங்க கீறாங்க. உட்டேன்னா எனக்கு வேலை போயிடும்மா.” கதவோரத்தில் இருந்த தாம்பாளத்தை அவர் கூச்சத்தோடு நகர்த்தி வைத்தார். வழக்கமாக அதில் சந்தனமும் கற்கண்டும் இருக்கும். இப்போது குழைத்த விபூதி இருந்தது. “எல்லாரும் பூசினுதான் போனாங்க. லேசா பூசிக்கோ. நான் வேணும்னா அந்தாண்ட திரும்பிக்கறேன்.”

ஆணை உள்ளே இருந்தது. அன்புச்செல்வி பூசிக்கொண்டாள். விடியலில் தேய்த்த மஞ்சளின்மேல் அது சீக்கிரம் ஒட்டவில்லை. இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது.

மேடையில் ராஜேந்திரன் பேசிக்கொண்டிருந்தார். “முகம் மாறும், மூப்படையும், வெயிலில் கறுக்கும். நம்பத் தகுந்தது அல்ல. அட்டை அப்படியல்ல. மக்கள் தங்கள் அட்டையைப் போல் ஆகவேண்டும் என்பதே இந்த ஆணையத்தின் கனவு. இந்த மாவட்டத்தில் அந்தக் கனவு நனவாகியிருக்கிறது. நூலின் முதல் பக்கத்தில் இருக்கும் பெண்மணியை மேடைக்கு அழைக்கிறேன்.”

அன்புச்செல்வி ஏறினாள். ராஜேந்திரன் முதல் பக்கத்தை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, அவள் பக்கமும் திருப்பினார். இரண்டு படங்கள் இருந்தன, இரண்டும் அவள். இடப் பக்கம் மஞ்சள் முகம், குங்குமம், கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்பு. கீழே, ‘பிழையான நிறம்: திருத்தத்துக்கு முன்’. வலப் பக்கம் சாம்பல். கீழே, ‘சரியான நிறம்: திருத்தத்துக்குப் பின்’.

“பாருங்கள்,” என்றார் ராஜேந்திரன், அவள் முகத்தைச் சுட்டிக்காட்டி. “வலப் பக்கத்தைப் போலவே நிற்கிறார். இதைவிட என்ன வெற்றி வேண்டும்?”

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாசாமியும் தட்டினார். தட்டிவிட்டு உறையை அவள் கையில் கொடுத்தார். அவள் அங்கேயே பிரித்தாள். பிரித்ததும் கண்ணில் பட்ட முதல் சொல் ‘நிரந்தரமாக’. அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லாம் மன்னித்துவிடலாம் போலிருந்தது. பிறகு மேலிருந்து படித்தாள்.

‘நெறிநூல் நடைமுறைக்கு வந்துவிட்டபடியால் கைத்திருத்தம் தேவையற்றதாகிறது. கைத்திருத்தம் செய்பவரும் தேவையற்றவராகிறார். அவருடைய சேவைக்கு வாரியம் நிரந்தரமாக நன்றி பாராட்டும்.’

மேடைக்குப் பின்னால் அப்பாசாமியை நிறுத்தினாள். நூலாசிரியர் என்று நெறிநூலின் மேலட்டையில் அவர் பெயர் இருந்தது. சென்னைக்குப் பதவி உயர்வில் போகிறார் என்றும் அப்போதுதான் அறிவித்திருந்தார்கள்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா சார்?”

“கோப்பு மேல போயிடுச்சும்மா. நான் இன்னா பண்ணட்டும்.” பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “முதல் பக்கத்துல வருவேன்னு சொன்னேன். வந்துட்ட இல்ல,” என்றார்.

அவள் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸை மாடியில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. இருசப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் டிபன் பாக்ஸ் இல்லாமலே பஸ் ஏறினாள்.

சித்திரைப் பௌர்ணமி வந்தது, சோதனைக் கூடாரமும் வந்தது. மத்தியானம் மூன்று மணி, தார் ரோடு கொதித்தது. நிருதி லிங்கத்துக்கிட்டே வெள்ளையம்மாளின் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் அன்புச்செல்வி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் கொட்டாங்கச்சியில் விபூதி, பக்கத்தில் நீலப் புட்டி. யாருடைய அட்டை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி குழைத்துப் பூசிவிடுவாள். தானாகப் பூசிக்கொண்டு போகிறவர்களைக் கூடாரத்தில் சந்தேகப்பட்டார்கள். இவள் பூசினால் பொருந்தியது. வெயிலில் வந்தவர்களைப் பத்து நிமிஷம் உட்காரவைத்துவிட்டுத்தான் பூசினாள்.

வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்தபடி வந்து நின்றார். அப்பாசாமி. கூடாரத்தைச் சோதனை போடச் சென்னையிலிருந்து வந்தவர். கூடாரத்தில் இருந்தவர்கள் புது ஆட்கள். அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், இது நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுற்றறிக்கையைக் காட்டினார்களாம்.

வெள்ளையம்மாள் கரண்டியைப் பானைமேல் தட்டினாள். “இந்தாளுக்கா பூசப்போற பாப்பா? நீலத்தை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்து. கலர் எடுக்கும்.”

அன்புச்செல்வி அட்டையை வாங்கிப் பார்த்தாள். “உட்காருங்க சார். பத்து நிமிஷம் ஆகட்டும், வேர்வை அடங்கட்டும்.”

அவர் உட்கார்ந்தார். வெள்ளையம்மாள் மோர் கொடுக்கவில்லை. அன்புச்செல்வியே ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள்.

“நோட்டு எங்க சார் இருக்குது?”

“பழைய பேப்பர்ல போட்டுட்டாங்கம்மா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். விபூதியில் ஒரு சொட்டு நீலம் விட்டாள். ஒரு சொட்டுதான். விரலால் குழைத்து, அவர் நெற்றியிலிருந்து தொடங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம், மேல் உதட்டு மரு, கன்னத்துக் கோடு, ஒவ்வொன்றாக மறைந்தது.

“கோவமாம்மா?” என்றார் அப்பாசாமி.

“கண்ணை மூடிக்குங்க சார். உள்ள போனா எரியும்.”

பூசி முடித்து அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பொருந்தியது. அவர் எழுந்து கூடாரத்து வரிசையில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாம்பல் முகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்து அவளைப் பார்த்து ஆடியது. அன்புச்செல்வி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆளின் அட்டைக்குக் கை நீட்டினாள்.